கணக்குக் கேட்டதற்காகச் சங்கத்திலிருந்து நீக்க முடியுமா?

கேள்வி: தனியார் ஆலையில் வேலை செய்கிறேன். அங்குள்ள பதிவு பெற்ற தொழிற்சங்கத்தில் பல வருடங்களாக உறுப்பினர். பொதுக்குழுவில் சங்க நிதியின் வரவு செலவைக் காட்டும்படி கேட்டேன். அடுத்த மாதமே, ‘சங்க நலனுக்கு விரோதமாக நடந்ததால்’ என்னை நீக்கிவிட்டதாக நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். என்னிடம் விளக்கம் கேட்கவே இல்லை. முடிவெடுத்த செயற்குழுவில் பொருளாளரும் உட்கார்ந்து ஓட்டுப் போட்டிருக்கிறார். ‘செயற்குழு முடிவே இறுதி, கோர்ட்டுக்குப் போகக் கூடாது’ என்று பைலாவில் இருக்கிறது. என் வேலைக்கும் ஆபத்து வருமா?

பதில்: வேலைக்கு ஆபத்து இல்லை. சங்கம் நீக்கினால் நிர்வாகமும் நீக்க வேண்டும் என்று நம் சட்டத்தில் எங்கும் கிடையாது.

சங்கத்துக்கு ஒழுங்கு விதிகள் கட்டாயம் வேண்டும். வேலைநிறுத்தத்தை உள்ளிருந்தே உடைப்பவர், சந்தாப் பணத்தைக் கையாடியவர் போன்றவர்கள் மேல் நடவடிக்கை எடுக்காத சங்கம் நிர்வாகத்தின் முன் நிற்காது. ஆனால் கணக்குக் கேட்பது குற்றமே இல்லை. கணக்குப் புத்தகங்களை உறுப்பினர்கள் பார்வையிட விதிகளில் வழி இருக்க வேண்டும் என்று 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டமே சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவிலும் அது இருக்கிறது. சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்துவது எப்படிச் சங்க விரோதம் ஆகும்?

நீக்கிய விதத்தில் இருக்கும் குறை இன்னும் பெரியது. ஃப்ரீமேசன் என்ற சகோதர அமைப்பின் ஒரு கிளையிலிருந்து (லாட்ஜ்) உறுப்பினரை நீக்கிய டேவர் வழக்கில், உச்ச நீதிமன்றம் இந்த மாதிரி அமைப்புகளுக்கான வரையறையைச் சொல்லிவிட்டது. நீக்குவதற்கான விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும், நல்லெண்ணத்தோடு செயல்பட வேண்டும், குற்றச்சாட்டு என்ன என்று தெரிவித்துப் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். உங்களுக்கு எந்த வாய்ப்பும் தரவில்லை. போதாததற்கு, யாருடைய கணக்கைக் கேட்டீர்களோ அவரே தீர்ப்பும் சொல்லியிருக்கிறார். தொழிலாளி ஒருவரை நிர்வாகம் சார்ஜ் மெமோ இல்லாமல், விசாரணை இல்லாமல் வெளியே அனுப்பினால் இதே சங்கம் கேட் முன்னால் கொடி பிடிக்கும். அந்த நியாயத்தைத் தன் உறுப்பினருக்குத் தர மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே டேவர் தீர்ப்பு நீதிமன்றத்துக்கும் ஒரு எல்லை போட்டிருக்கிறது. முடிவு சரியா தப்பா என்று மேல்முறையீடு போல நீதிமன்றம் அலசாது. விதிப்படி, நியாயமான முறையில் நடந்ததா என்றுதான் பார்க்கும். அதனால் உங்கள் வாதம் முழுவதும் நடைமுறைக் குறையின் மேலேயே நிற்கட்டும். தலைவர்களின் சொந்த விஷயங்களை இழுக்காதீர்கள்.

‘கோர்ட்டுக்குப் போகக் கூடாது’ என்ற வரியைக் கண்டு மிரளாதீர்கள். சட்ட வழியை முழுக்க அடைக்கும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி செல்லாது.

அப்புறம், எங்கே போவது? தொழிற்சங்கப் பதிவாளரிடம் மனு கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உட்கட்சிச் சண்டை மாதிரியான இந்தத் தகராறில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை. முன்பு சிவில் கோர்ட்டில் வழக்குப் போடுவோம். புதிய சட்டத்தின் 22-ஆவது பிரிவு, சங்க நிர்வாகம் பற்றி உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் வரும் தகராறுகளைத் தொழில் தீர்ப்பாயத்திடம் ஒப்படைத்திருக்கிறது. உயர் நீதிமன்றம் தவிர வேறு சிவில் நீதிமன்றம் அவற்றை எடுக்க முடியாது. உறுப்பினர் நீக்கமும் நிர்வாகம் சார்ந்ததுதான் என்பது என் கருத்து.

ஆனால் வழக்குக்கு முன் சங்கத்துக்கே எழுதுங்கள். பைலா நகல், தீர்மானத்தின் நகல், உங்கள் மேல் உள்ள குற்றச்சாட்டு என்ன என்ற விவரம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். பொதுக்குழுவில் முறையிட பைலாவில் இடம் இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். உள்ளே இருந்த வழியைப் பயன்படுத்தாமல் நேராக வந்துவிட்டார் என்று எதிர்த் தரப்பு சொல்ல வாய்ப்புக் கொடுக்கக் கூடாது. நோட்டீஸ் போர்டில் ஒட்டியதைத் தேதி தெரியும்படி இன்றே போட்டோ எடுங்கள். சந்தா உங்கள் சம்பளத்தில் பிடித்தமாகிறதா என்றும் சம்பளச் சீட்டில் பாருங்கள். நீக்கிய பிறகும் பிடித்தம் தொடர்ந்தால் அந்தச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். உங்களை இன்னும் உறுப்பினராகவே நடத்தினார்கள் என்று காட்ட அவை உதவும்.