ஒரு பக்கம் மட்டும் குத்துகிறது

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

என் தோழி ஒரு எழுத்தாளர். 20 வருடப் பழக்கம். என் பிறந்தநாளுக்குக் கையால் செய்த ஆல்பம் ஒன்றைத் தந்தாள். கெட்டித்தாளை வெட்டி, நூலால் தைத்து, 40 பக்கங்கள். பக்கத்துக்கு ஒரு பொன்மொழி. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'நீ அழுத அன்று ராத்திரி படித்தது', 'படித்ததும் உன் சிரிப்பு ஞாபகம் வந்தது' என்று.

ஆசையாகப் புரட்டிக்கொண்டே வந்தவள், ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். 'நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு.' அதன் கீழே மட்டும் குறிப்பு இல்லை. போன வருடம் என் தம்பியோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திவிட்டேன். அப்போது இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது குறளில் குத்திக் காட்டுகிறாளா? மூன்று வாரமாகிறது, இன்னும் நன்றிகூடச் சொல்லவில்லை. ஆல்பம் பீரோவுக்குள் கிடக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு பக்கம்தான் இருக்கிறது. மொத்தத்தை விட்டுவிட்டு ஒரு துணுக்கை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வரும் இந்தப் பழக்கத்தை, மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களிலேயே விளக்கியிருக்கிறார். இது எல்லோருக்கும் வருவதுதான். தம்பி விஷயம் உங்களுக்கு இன்னும் ஆறவில்லை. புண் இருக்கும் இடத்தில் துணி பட்டாலும் எரியும்.

சரி, அந்தக் குறளை இன்னொரு தடவை படியுங்கள். சிரித்துப் பேச மட்டும் அல்ல நட்பு, நண்பர் எல்லை மீறும்போது முந்திப் போய் இடித்துச் சொல்லவும்தான் என்கிறார் வள்ளுவர். கடமை யாருக்கு? இடித்துச் சொல்ல வேண்டியவருக்கு. போன வருடம் வாய் திறக்காமல் இருந்தவர் உங்கள் தோழி. தான் செய்யத் தவறியதை நினைத்தும் அதை எழுதியிருக்கலாம், இல்லையா? கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் பென்சிலை வைத்துவிட்டாரோ என்னவோ. இது என் ஊகம்தான். உங்கள் சந்தேகமும் ஊகம்தான்.

எனக்கு அவரை நினைத்தால்தான் மனசு கஷ்டமாக இருக்கிறது. 40 பக்கம் கையால் எழுதித் தைத்துக் கொடுத்துவிட்டு, மூன்று வாரமாக ஒரு பதிலும் இல்லாமல் காத்திருக்கிறார். இன்றே கூப்பிடுங்கள். முதலில் நன்றி சொல்லுங்கள், அதுவும் உங்களுக்குப் பிடித்த குறிப்பு ஒன்றைச் சொல்லி. அப்புறம், "அந்தக் குறளுக்குக் கீழே மட்டும் ஏன் ஒன்றும் எழுதவில்லை?" என்று கேளுங்கள்.

"ஆமாம், உன் தம்பி விஷயமாகத்தான்" என்று அவர் சொன்னால், வலித்தது என்பதை மறைக்க வேண்டாம். அதற்காக அவர் கருத்தை ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எந்தப் பதில் வந்தாலும், அடுத்த முறை பார்க்கும்போது ஆல்பத்தை எடுத்துப் போங்கள். அந்தக் காலி இடத்தில் அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.