அம்மாவோடு இரண்டு நாள் திருகோணமலை

எழுபது வயது அம்மாவோடு ஆகஸ்டில் வருகிறோம், அலைச்சல் கூடாது, ஆனால் இரவில் பாட்டுக் கச்சேரி ஏதாவது வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மாதம் அருமையான தெரிவு. மே முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கத்துக் கடல் குளம் மாதிரி இருக்கும்.

கோணேசர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பிரட்ரிக் கோட்டைக்குள்ளால் ஏறுகிற வழி, வெயில் ஏறினால் வெறுங்காலோடு தரையில் நிற்க முடியாது. அம்மாவை அவசரப்படுத்த வேண்டாம். வழியில் மான்கள் நிற்கும், மேலே இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் காற்று முகத்தில் அடிக்கும், கீழே கடல் நீலமாய்க் கிடக்கும். அங்கே ஒரு மணித்தியாலமாவது சும்மா இருங்கள். எனக்கு ஊரிலேயே பிடித்த இடம் அதுதான்.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் அன்றைக்கே பார்க்கலாம். புறாமலைத் தீவுக்குப் படகேற வேண்டும், அம்மாவுக்குச் சிரமம். அதை விட்டுவிடுங்கள்.

பாட்டுக்கு உப்புவெளிக் கடற்கரைதான். சீசனில் கடற்கரை ஹோட்டல்கள் சிலவற்றில் இரவில் இசைக்குழு வாசிக்கும். எந்த நாள் என்று அறை பதியும்போதே கேளுங்கள். ஆனால் அம்மாவுக்கு என்றால், பின்னேரப் பூசைக்குப் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். நாதஸ்வரமும் தவிலும் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.