கண்ணீர் வராத ஜெபத்துக்கு மகிமையில் பங்கு இல்லையா?

ஏற்காட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். காப்பித் தோட்டத்தில் வேலை. ராத்திரி ஜெபமாலையைக் கையில் எடுத்தால் இரண்டாவது தேவ ரகசியம், அதாவது ஜெபமாலையின் இரண்டாவது பகுதி, தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறார். பழம் பறிக்கும் சீசனில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் சில வாரம் தவறிப்போகிறது. சேலத்தில் ஒரு மண்டபத்தில் ஜெபக்கூட்டம் நடத்தும் ஒருவர், "உனக்குக் கண்ணீரும் வரவில்லை, அந்நிய பாஷையும் வரவில்லை, தேவ மகிமை இன்னும் உன்மேல் இறங்கவில்லை" என்று சொல்லி, மூன்று நாள் கூட்டத்துக்கு வரச்சொல்லி ஐயாயிரம் ரூபாய் காணிக்கை கேட்டிருக்கிறாராம். கொடுக்கட்டுமா, கொடுக்காவிட்டால் எனக்கு மகிமையில் பங்கே கிடையாதா என்கிறார்.

கொடுக்காதீர்கள். கடன் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பையும் விடுங்கள்.

யோவான் 17ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சிலுவையில் பாடுபடுவதற்கு முந்தின இரவு இயேசு தந்தையிடம் பேசுகிறார்; நீர் எனக்குத் தந்த மகிமையை நான் இவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன் என்கிறார். உங்கள் ஞானஸ்நானத்திலேயே அந்தப் பங்கு உங்களுக்கு வந்தாயிற்று. அது முழுசாக விளங்குவது மோட்சத்தில். அதுவரைக்கும் அதைக் காத்து வளர்ப்பதற்குத்தான் விசுவாசமும் நற்கருணையும் ஜெபமும். சாவான பாவம், அதாவது கனமான பாவம், இருந்தால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள், அவ்வளவுதான். உரோமையர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் வைக்கிற நிபந்தனை ஒன்றுதான்: கிறிஸ்துவோடு துன்பப்பட்டால் அவரோடு மகிமையிலும் பங்கு. கண்ணீர் என்ற நிபந்தனை அங்கே இல்லை. ஆவியின் வரமாகத் தெரியாத மொழியில் பேசுகிற அந்நிய பாஷை விஷயத்திலோ, எல்லாருமா பேசுகிறார்கள் என்று 1 கொரிந்தியர் 12இல் அவரே கேட்டுவிட்டார். இல்லை என்பதுதான் பதில் என்று கேட்கிற தொனியிலேயே தெரிகிறது.

தூக்கத்துக்கு வருவோம். இயேசு உருமாறிய மலைக்கு ஜெபம் பண்ணத்தான் போனார் என்று லூக்கா 9இல் இருக்கிறது. ஜெபிக்கும்போது அவர் முகம் மாறுகிறது, உடை வெண்மையாக மின்னுகிறது. அப்போது பேதுருவும் கூட வந்த இருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள். மகிமையைக் கண்ணால் பார்த்த மூன்று பேரின் லட்சணமே இது! பாடுகளுக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த கெத்சமனித் தோட்டத்திலும் தூங்கியது இதே மூவர்தான். ஸ்பெயின் நாட்டுப் புனிதை அவிலா தெரேசாள் ஜெபத்தைப் பற்றி எழுதியதற்காகவே 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர், அதாவது எல்லாருக்கும் ஆசிரியர், என்று அறிவிக்கப்பட்டவர். அவரே, பல வருஷம் ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்துக்கிடந்ததாக எழுதி வைத்திருக்கிறார். நாள் முழுக்கச் சரிவில் நின்று பழம் பறித்த உடம்பு ராத்திரி அசந்து போவதை விசுவாசக் குறைவு என்று ஒருவர் சொன்னால், அவர் ஒருநாள் கூடை கட்டிப் பார்க்கட்டும். ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியை ராத்திரிக்கென்று சேர்த்து வைக்காதீர்கள். காலையில் வேலைக்கு நடக்கும்போது ஒரு பத்து, மத்தியானம் ஒரு பத்து என்று பிரித்துச் சொல்லுங்கள், அதுவும் ஜெபமாலைதான்.

பூசையில் காணிக்கைப் பை சுற்றி வருகிற நேரத்தில் பெரும்பாலானோர் பர்ஸில் சில்லறை தேடிக்கொண்டிருப்போம். பீடத்தில் சாமியார் பாத்திரத்தில் திராட்சை ரசத்தை ஊற்றி, அதில் ஒரு சொட்டு, ரெண்டு சொட்டுத் தண்ணீர் கலப்பார். கலக்கும்போது மெதுவான குரலில் ஒரு ஜெபம் சொல்வார், நமக்குக் கேட்காது. நம் மனிதத் தன்மையில் பங்கெடுக்கத் தன்னைத் தாழ்த்திய கிறிஸ்துவின் தெய்வத் தன்மையில் நாங்களும் பங்கு பெறுவோமாக என்பது அதன் அர்த்தம். நீங்கள் ஐயாயிரம் கொடுத்துத் தேடப்போவது அந்தச் சொட்டில் நடந்துகொண்டிருக்கிறது. கலந்த பிறகு தண்ணீரைத் தனியாக எடுக்க முடியுமா? அடுத்த பூசையில் அந்த நேரம் தலையை நிமிர்த்திப் பாருங்கள். உங்கள் முதுகுவலி, கூலி பாக்கி, வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் மனசுக்குள் அதோடு சேர்த்துவிடுங்கள். இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் மறைக்கல்வி. நம் பங்குகளில், அதாவது ஊர்க் கோவில்களில், உறுதிபூசுதல் என்ற அருட்சாதனத்துக்கு முன்னால் கேள்வி பதிலை மனப்பாடம் பண்ண வைத்து, ஃபோட்டோ எடுத்து, அதோடு ஆளை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் கல்யாண ஓலை வாங்க வரும்போது சந்தா பாக்கியைப் பற்றித்தான் பேச்சு. ஜெபம் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில்தான் மண்டபக்காரர் மைக்கைப் பிடிக்கிறார்.

பூசை தவறுவதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லித்தான் உங்களைப் பயமுறுத்துகிறார்கள். ஞாயிறு பூசை கடமை, சந்தேகமில்லை. ஆனால் திருச்சபைச் சட்டம் 1248இன்படி சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போனாலும் அந்தக் கடமை தீர்ந்தது, அதுவும் உங்கள் சொந்தப் பங்கில்தான் என்றில்லை, எந்தக் கத்தோலிக்கக் கோவிலிலும் போகலாம். சனிக்கிழமை மளிகை வாங்கச் சேலம் இறங்குகிறீர்கள் என்றால் அரிசிப்பாளையம் பேராலயத்திலோ வேறு பங்கிலோ சாயங்காலப் பூசை உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டால் வேலை போகும், அல்லது கைக்குழந்தை, அல்லது படுத்த படுக்கையாக மாமியார் என்றால், அந்த வாரம் கடமை உங்களைக் கட்டாது, பாவமும் இல்லை. வேலை வாராவாரம் இப்படித்தான் என்றால் பங்குசாமியிடம் சொல்லி விதிவிலக்கு கேளுங்கள். கொடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த ஞாயிறுகளில் வீட்டில் நற்செய்தியை வாசித்துக் குடும்பமாக ஜெபியுங்கள். டிவி பூசை பார்ப்பது நல்லதுதான், ஆனால் போக முடிந்தும் போகாமல் டிவி பார்த்தால் கணக்கில் வராது. "இன்றைக்கு ஒரே குளிர்" என்பதும் வராது!

இந்த ஜெபத் தரகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தூய ஆவியைத் தரும் வல்லமையைக் காசு கொடுத்து வாங்கப் பார்த்த சீமோனைப் பேதுரு எப்படிக் கண்டித்தார் என்று அப்போஸ்தலர் பணி 8இல் இருக்கிறது. அவன் வாங்க வந்தவன், இவர்கள் விற்கவே வருகிறார்கள். எண்ணெய் பாட்டில், ஆசீர்வதித்த கைக்குட்டை, ஃபோனில் தனி ஜெபத்துக்குத் தனி ரேட். "உங்கள் பெயரில் முப்பது பூசை நான் ஏற்பாடு செய்கிறேன்" என்று ஜிபே நம்பர் அனுப்புகிறவரும் இந்த ரகம்தான். பூசைக் காணிக்கை கொடுப்பதென்றால் சாமியார் கையிலோ பங்கு அலுவலகத்திலோ மட்டும் கொடுத்து ரசீது வாங்குங்கள். கையில் காசு இல்லையா, இல்லை என்று சொல்லுங்கள். ஏழைகளின் வேண்டுதலுக்குக் காணிக்கை வாங்காமலும் பூசை வைக்கும்படி சாமியார்களுக்குச் சட்டமே (945) பரிந்துரைக்கிறது. தியானம் வேண்டுமென்றால் பங்குக் கோவிலில் அறிவிக்கிற தியானத்துக்குப் போங்கள்; சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் கேட்பார்கள், மகிமைக்குத் தொகை கேட்க மாட்டார்கள்.

அந்த மண்டபக்காரர் மறுபடி ஃபோன் செய்தால், மேற்றிராணியார், அதாவது ஆயர், கொடுத்த அனுமதிக் கடிதத்தை பங்குசாமியிடம் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். அதற்கப்புறம் அவர் கூப்பிட மாட்டார்.