84 சென்ரிமீற்றர் பிழை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, உயர்தரக் கணிதப் பிரிவுப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். தானாகப் பறக்கும் விமானங்களுக்கு மென்பொருள் எழுதும் பொறியியலாளராக வர விரும்புகிறேன். அந்த வேலையில் நாள் முழுவதும் என்ன செய்வார்கள்? வன்னியில் இருந்துகொண்டு அதற்கு எப்படித் தயாராவது?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: பறக்கவிடுவதை எண்ணி இத்துறைக்கு வருகிறவர்களுக்கு, வந்த பின்னர் பெரும்பாலான நாட்கள் பரிசோதனையிலேயே கழிகின்றன. பறக்கும் கலத்தைச் சாயாமல் வைத்திருக்கும் நிரல் அவ்வளவு பெரியதன்று; எவரும் திறந்து பார்க்கக்கூடிய ஆர்டுபைலட் என்ற பறப்பு மென்பொருளில், பல விசிறிகளால் பறக்கும் பல்சுழலிக் கலங்களுக்கான நிரலின் முதன்மைச் சுழற்சி செக்கனுக்கு 400 தடவை ஓடுகிறது. சுழலும் வேகத்தை அளக்கும் ஜைரோஸ்கோப்பும் திசையைக் காட்டும் காந்தமானியும் ஜீ.பீ.எஸ். கருவியும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசும்போது யாரை எவ்வளவு நம்புவது என்பதைக் கணிப்பதற்கு, 1960இல் ருடோல்ஃப் கல்மன் வெளியிட்ட வடிகட்டி முறையின் வழித்தோன்றல்களே இன்றும் பயன்படுகின்றன. அதனிலும் கடினமானது, ஒரு கருவி முற்றாகப் பொய் சொல்லும்போது கலம் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் 346 உயிர்களைப் பறித்த இரண்டு போயிங் 737 மாக்ஸ் விபத்துகளிலும், விமானத்தின் மூக்கைத் தாழ்த்திய மென்பொருள் எதிர்வரும் காற்றுக்கு மூக்கு எவ்வளவு நிமிர்ந்துள்ளது என்று அளக்கும் ஒரேயொரு கோண உணரியின் சொல்லை மட்டும் கேட்டே இயங்கியது.

சிறிய பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர் நினைப்பில், கணினிக்குள்ளேயே பறக்கவிட்டுப் பார்க்கும் போலிப் பறப்பின் தொடக்கப் புள்ளியை இரணைமடுக் குளக்கட்டில் வைத்தேன். பதிவைப் பார்த்தால், வடக்குத் தெற்காகக் கோடு ஓரளவு ஒழுங்காகச் செல்ல, கிழக்கு மேற்காக அது படிக்கட்டுப் போல் துள்ளியது. இரண்டு நாட்கள் ஜீ.பீ.எஸ். மாதிரியைக் குறைகூறிக்கொண்டிருந்தேன், குற்றவாளி நான்தான். கிழக்கு மேற்கு இடத்தைக் காட்டும் நெடுங்கோட்டை, குறிப்பிட்ட அளவு இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும் 32 பிட் மிதவை எண்ணாகச் சேமித்திருந்தேன். 64க்கும் 128க்கும் இடையில் அந்த வகை எண்ணால் 1/131072 பங்கிலும் சிறிய மாற்றத்தைக் காட்ட முடியாது. நமது நெடுங்கோடோ ஏறத்தாழ 80 பாகை, ஆகவே நிலத்தில் ஒவ்வொரு படியும் சுமார் 84 சென்ரிமீற்றர். அகலக்கோடு 9 பாகையளவில் இருப்பதால் அங்கே படி சுமார் 10 சென்ரிமீற்றர்தான். பாகையை ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாக வைத்தவுடன் படி ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றராகச் சுருங்கியது.

இந்தப் பிழையைச் செய்வதற்கும் கண்டுபிடிப்பதற்கும் எனக்கு விமானம் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆர்டுபைலட், அதைப் போன்ற பிஎக்ஸ்4 ஆகிய இரண்டு மென்பொருள்களுமே போலிப் பறப்பு வசதியுடன் இலவசமாகக் கிடைக்கின்றன. சுமாரான மடிக்கணினி போதும். பெறுபேறு வரும்வரை சீ பிளஸ் பிளஸ் மொழியைப் பழகுங்கள். காவிகள், தாயங்கள், நிகழ்தகவு ஆகியவற்றைப் பரீட்சை முடிந்ததென்று மூட்டைகட்டி விடாதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உங்கள் ஊரிலேயே, அறிவியல் நகரில் இருக்கிறது. கணினிப் பொறியியல், மின் மற்றும் இலத்திரனியற் பொறியியல் ஆகிய இரண்டில் எதுவும் இதற்குப் பொருந்தும். என்னைக் கேட்டால் இரண்டாவதைச் சொல்வேன். நிரலைப் பின்னரும் கற்கலாம், கலத்தை நிலையாக வைத்திருக்கும் கணக்கான கட்டுப்பாட்டியலைத் தனியாகக் கற்பது பெரும்பாடு.

கேள்வி: ஐயா, என் மகனும் இந்தப் படிப்பைத்தான் கேட்கிறான். போர்க்காலத்தில் ‘வண்டு’ என்று நாங்கள் அழைத்த வேவு விமானம் சுற்றினால் பதுங்குகுழிக்கு ஓடிய எங்களுக்கு இதைக் கேட்கவே நெஞ்சு பதறுகிறது. இது போருக்கான வேலை அல்லவா?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, உங்கள் பதற்றம் நியாயமானது, அதை மழுப்ப மாட்டேன். குண்டைச் சுமக்கும் கலத்துக்கும் குருதிப் பையைச் சுமக்கும் கலத்துக்கும் பறக்கும் மென்பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. ருவாண்டாவில் 2016 முதல் சிப்லைன் நிறுவனத்தின் ஆளில்லா விமானங்கள் வைத்தியசாலைகளுக்குக் குருதி கொண்டுசெல்கின்றன. பயிருக்கு மருந்து தெளிப்பவையும் வெள்ளத்தை அளப்பவையும் உள்ளன. படைத்துறைக்கு வேலை செய்யும் நிறுவனங்களும் ஏராளம். யாருக்கு விற்கிறீர்கள், கலம் எதைச் சுமக்கும் என்று நேர்முகத் தேர்விலேயே கேட்கும்படி மகனிடம் சொல்லுங்கள். நான் கேட்டிருக்கிறேன், ஒருமுறை பதிலைக் கேட்டு எழுந்து வந்தும் இருக்கிறேன்.

மகன் பின்னாளில் சொந்தமாக ஒன்றைச் செய்தால், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டே பறக்கவிட வேண்டும். அதற்கு முன்னர் அயல்வீடுகளுக்குச் சென்று சொல்லட்டும். முடிந்தால் நீங்களும் கூடச் சென்று, சத்தம் கேட்பதற்கு முன் அந்தப் பொருளை வயதானவர்களின் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.