கேதம் கேட்க ஆள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

யாங்கோனில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை பார்க்கிறேன். வயது 26. பள்ளிக்கூடத்தில் படித்தது பர்மியம். தமிழ், கோவில் வகுப்பில் படித்ததுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 28 அன்று விஜயகாந்த் இறந்த செய்தி வந்ததும் என் அப்பா டீக்கடையைச் சாத்திவிட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்னை வி.பி.என். போட்டுத் தரச் சொல்லி, தீவுத்திடலிலிருந்து கோயம்பேடு வரை ஊர்வலம் முழுவதையும் போனில் பார்த்தார். கரண்ட் போனதும் என் பவர் பேங்கையும் எடுத்துக்கொண்டார். சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அதே வருடம் ஆகஸ்டில் ராமநாதபுரம் பக்கம் அவருடைய சொந்தத் தம்பி, என் சித்தப்பா, இறந்துபோனார். வீடியோ காலில் முகம் காட்டினார்கள். பாதியில் படம் அப்படியே நின்றுவிட்டது. அப்பா போனை என்னிடம் கொடுத்தார், போய்க் குளித்தார், சட்டை மாற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

நாம் பிறந்தது இந்த நாட்டில். எங்கேயோ இருக்கிற நடிகருக்கு இவ்வளவு கண்ணீரை வீணாக்குவது ஒரு நோய் இல்லையா? மன்றம், பாலாபிஷேகம், அரசியல் என்று சினிமா தமிழர்களைக் கெடுத்தது போதாதா? அப்பா மாதிரி ஆட்களை எப்படித் திருத்துவது? சாமி அலமாரியில் விஜயகாந்த் படத்தை வைத்து மாலை போடுகிறார். அதையாவது எடுத்துவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

தமிழில் பிழை ஒன்றும் பெரிதாக இல்லை. இரண்டு ஒற்றுப்பிழை இருந்தது, திருத்திவிட்டேன். கடிதம் நீளமாக இருந்ததால் சுருக்கியும் இருக்கிறேன்.

பாலாபிஷேகத்தை விட்டுவிடுவோம். மன்றம், அரசியல் இவையும் தமிழ்நாட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதிகள். நமக்கு அங்கே ஓட்டு கிடையாது. பாலும் நமக்கு டின்னில்தான் வருகிறது.

எம்.ஜி.ஆர். இறந்தபோது தீக்குளித்தவர்கள் உண்டு, விஷம் குடித்தவர்கள் உண்டு. அவர்கள் விட்டுப்போன பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும். அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் உங்கள் அப்பா செய்தது என்ன? இரண்டு நாள் கடையைச் சாத்தினார், உங்கள் பவர் பேங்கை எடுத்தார். இதற்குப் போய் நோய் என்கிறீர்களே.

'வீணாக்குவது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பதில். கண்ணீர் என்ன பெட்ரோலா தம்பி, வரிசையில் நின்று வாங்கி, தகுதியான வண்டிக்கு மட்டும் அளந்து ஊற்ற?

கொஞ்ச நாளாகவே என் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

1987ஆம் வருடம். பெகு பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். எனக்கு வயது 22. 1964இல் கடைகள் எல்லாம் அரசுடைமையான பிறகு, ரங்கூனில் (யாங்கோனுக்கு அப்போது அந்தப் பெயர்தான்) செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அப்பா எங்களை அந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, வேறு முடிவு எடுத்தார். கப்பல் ஏறிவிட்டார். அந்தச் சில வருடங்களில் லட்சக்கணக்கில் நம் ஆட்கள் அப்படிக் கிளம்பினார்கள். மாமா மெட்ராஸில் இறங்கி, வியாசர்பாடியில் குடியேறினார். வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போன அம்மா, அதற்கப்புறம் அவரைப் பார்க்கவே இல்லை. 22 வருடம் கடிதத்திலேயே ஓடியது. அந்தக் கடிதமும் இரண்டு மாதம், மூன்று மாதம் எங்கெங்கோ கிடந்து வரும்.

அந்த வருடம் ஜூலையில் ஒரு நீல ஏரோகிராம் வந்தது. நான்கு மூலையிலும் கறுப்பு மை. உங்கள் தலைமுறைக்கு இது தெரியாது. சாவுச் செய்தி என்று பிரிக்கும் முன்பே சொல்லிவிடும் ஏற்பாடு அது. மாமா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, அத்தை தேதி போட்டு எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருந்தாள்.

இப்படித் தாமதமாகக் கேட்கும் சாவுக்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தீட்டு நாளுக்குள் கேட்டால் மிச்ச நாளைக் காக்க வேண்டும். நாள் கடந்து கேட்டால் உடுத்தின துணியோடு தலைமுழுகினால் போதும். அம்மா கிணற்றடிக்குப் போனாள். மூன்று வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். கடிதத்தை வீட்டில் வைக்கக்கூடாது என்று கிழித்துப் போட்டாள். ஈரத் தலையோடு உலையில் அரிசி போட்டாள். அழவில்லை.

தெருவில் தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. யாரும் கேதம் கேட்க வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாமாவை அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாரும் அவர் போன கப்பலிலும் அதற்கு அடுத்த கப்பல்களிலும் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு மாமி ஒருத்தி மட்டும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "யாருக்கு என்ன?" என்று கேட்டாள். "ஊர்ல அண்ணன்" என்றாள் அம்மா. "அப்படியா, வயசாயிருக்குமே" என்றாள் அவள். மாமாவுக்கு 54தான்.

அப்புறம் செப்டம்பர். 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போன மாதம். ஊரில் பாதிப் பேருக்குச் சித்தம் கலங்கியிருந்தது. அந்த வருடம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்தார். தெருவில் நல்ல ரேடியோ ஒரே ஒரு வீட்டில்தான். சிற்றலையில் தமிழ்ச் செய்தி இரைச்சலுக்கு நடுவே நீந்தி வரும். அன்றைக்கு வந்த செய்தி பகலுக்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்த வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி ஆரம்பித்தாள். இன்னொருத்தி கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து தோள் மேல் தோள் போட்டு ஒப்பாரி வைத்தார்கள். அம்மாவும் நடுவில் இருந்தாள். அவள் பார்த்த எம்.ஜி.ஆர். படங்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒன்றில் பாதியில் தூங்கிப்போனதை அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

நான் வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன். நாலு புத்தகம் படித்திருந்த வயசு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாவின் முறை வந்தது.

"கப்பலேறிப் போனவரே, காயிதமும் போடலியே,
கரையில நான் நின்னிருந்தேன், கையக்கூட ஆட்டலியே."

எம்.ஜி.ஆர். எந்தக் கப்பல் ஏறினார்? கண்டிப் பக்கம் பிறந்து சின்ன வயதில் கடல் தாண்டியதைச் சொல்கிறாளோ என்றுகூட அன்றைக்கு நினைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான். மற்ற பெண்கள் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. "ஆமாம்மா, ஆமாம்" என்று மாரில் அடித்துக்கொண்டு அடுத்த வரியை எடுத்தார்கள். அடுத்தவள் பாடியது பேறுகாலத்தில் போன அவளுடைய மகளை.

சாயங்காலம் வீட்டில் கத்தினேன். "எம்.ஜி.ஆர். உனக்கு மாமனா, மச்சானா? சொந்த அண்ணன் செத்ததுக்கு அழாதவ, சினிமாக்காரனுக்குத் தெருவுல உக்காந்து அழறியே?" உங்கள் கடிதத்தில் இருக்கும் அதே வாக்கியம், தம்பி. 'வீணாக்குவது' மட்டும்தான் என் வாயில் வரவில்லை.

அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "போடா. ஆள் இருக்கும்போது அழுதுக்கிறேன்" என்றாள்.

அதை ஒரு சாக்கு என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

ஒப்பாரியைத் தனியாக வைக்க முடியாது. ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுக்க வேண்டும், கட்டிக்கொள்ள ஒரு கழுத்து வேண்டும், 'ஆமாம்' என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். செத்தவர் யார் என்று சுற்றியிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் இருக்கும் தெருவில் நம்முடைய அண்ணனை, தம்பியை யாருக்குத் தெரியும்? எம்.ஜி.ஆரை எல்லாருக்கும் தெரிந்தது. பர்மாவில் இருந்த தமிழர்களுக்கு ஊரோடு சேர்ந்து அழக் கிடைத்த ஊர்ச்சாவு அவர் சாவு ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

2001 ஜூலை 21இல் சிவாஜி போனார். அப்போது நான் யாங்கோனுக்கு வந்துவிட்டேன். இங்கே ஒரு பெரியவர், 1942இல் அரக்கான் வழியாக நடந்துபோய், யுத்தம் முடிந்து திரும்பி வந்தவர், என்னிடம் சொன்னார்: "நம்ம ரங்கூன் பையன் போயிட்டான்ப்பா." எனக்குப் பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று. 1952இல் வந்த 'பராசக்தி'தான் சிவாஜிக்கு முதல் படம். அதில் அவர் ரங்கூனிலிருந்து தங்கை கல்யாணத்துக்குக் கப்பலில் போகிற பையன். அண்ணன்மார் இருவரும் யுத்தத்தில் இங்கே மாட்டிக்கொள்வார்கள். பெரியவருக்கு அது படமே இல்லை. அவரோடு நடந்து வந்து வழியிலேயே நின்றுபோன அண்ணன் ஒருவர் இருந்தார். அந்தப் பேச்சு முழுவதிலும் சிவாஜியின் நடிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. (சிவாஜியா எம்.ஜி.ஆரா என்ற சண்டையை யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அது 40 வருடம் ஓடிவிட்டது.)

இப்போது உங்கள் அப்பாவிடம் வருகிறேன்.

2014இல் சிம் கார்டு 1500 கியாட்டுக்கு வந்த பிறகு சாவுச் செய்திக்கு மூன்று மாதம் ஆவதில்லை. மூன்று நிமிடம் போதும். ஆனால் போக முடிகிறதா? 2021க்கு முன்னால் ஒரு டாலர் 1300 கியாட் சொச்சம். உங்கள் சித்தப்பா இறந்த சமயம் வெளிச்சந்தையில் அது 3000ஐத் தாண்டிவிட்டது. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் என்று ஒரு டீக்கடைக்காரர் அந்தக் கணக்கை எத்தனை தரம் மனதில் போட்டுப் பார்த்திருப்பார்? முகத்தைக் காட்டினார்கள், படம் நின்றுபோயிற்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தம்பியின் முகம் கட்டம் கட்டமாக உறைந்து கிடந்த போனை உங்கள் கையில் கொடுத்துவிட்டு அவர் என்ன செய்தார்? குளித்தார். அதை ஏதோ வேலைக்குக் கிளம்புகிற ஆள் குளித்த மாதிரி எழுதியிருக்கிறீர்களே! அவர் தலைமுழுகியிருக்கிறார், தம்பி. உங்கள் வீட்டில் நடந்த ஒரே காரியம் அது. நீங்கள் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

பிறகு கடைக்குப் போனார். அங்கே யாரிடம் சொல்வார்? டீ குடிக்க வருகிற பர்மியரிடமா? ஒருவர் பாவம் என்று தலையாட்டியிருப்பார், அடுத்தவர் சமுசா கேட்டிருப்பார்.

நான்கு மாதம் கழித்து விஜயகாந்த் இறந்தார். இந்தத் தடவை படம் நிற்கவில்லை. இரண்டு நாள் விடாமல் காட்டினார்கள். கடையில், கோவிலில், தெருவில் எங்கே திரும்பினாலும் 'ஐயோ, நம்ம கேப்டன்' என்று சொல்ல ஆள் இருந்தது. அவர் படப்பிடிப்பில் லைட் பாய்க்கும் தனக்கும் ஒரே சாப்பாடு போடச் சொன்ன கதையை எல்லாரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். உங்கள் அப்பாவும் சாப்பாட்டுக்கடை மாதிரி ஒன்று நடத்துகிறவர்தானே, அந்தக் கதை எங்கே போய்த் தைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் சித்தப்பா எப்படிப்பட்டவர், யாருக்குச் சோறு போட்டவர் என்பதும் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

சுருக்காத உங்கள் முழுக் கடிதத்தில் விஜயகாந்தின் நான்கு படங்களின் பெயரைக் கேலியாக அடுக்கியிருந்தீர்கள். சித்தப்பாவின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. அவரைப் பார்த்திருக்கிறீர்களா, எப்போது இந்தியா போனார், என்ன தொழில் செய்தார், ஒன்றும் இல்லை. அப்பாவின் கண்ணீரை மட்டும் கணக்கு எடுத்திருக்கிறீர்கள்.

'நாம் பிறந்தது இந்த நாட்டில்' என்பது சரி. நானும் இங்கேதான் பிறந்தேன். 2008இல் ஷான் பாடகர் சாய் தீ சைங் இறந்தபோது இதே நகரத்தில் கூடிய பர்மியக் கூட்டத்தை நின்று பார்த்திருக்கிறேன். அதில் அழுதவர்கள் எல்லாரும் அவருக்காகத்தான் அழுதார்கள் என்று நான் நம்பவில்லை.

திருத்துவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்பாவுக்கு 60 வயதாவது இருக்கும். விடுங்கள். இன்று கடை சாத்தின பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சித்தப்பாவும் அவரும் சின்ன வயதில் எந்தக் கொட்டகையில் படம் பார்த்தார்கள் என்று கேளுங்கள். பேச ஆரம்பித்தால் நடுவில் போனை எடுக்காதீர்கள்.

அந்தப் படத்தை எடுக்க வேண்டாம். ஆனால் அலமாரி சுவரோடு ஒட்டி இருந்தால் ஒரு விரற்கடை தள்ளி வையுங்கள். யாங்கோன் மழைக்குப் படத்தின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். எங்கள் வீட்டில் இருந்த மாமாவின் ஒரே படம் அப்படித்தான் போயிற்று. சித்தப்பா படம் ஏதாவது போனில் இருந்தால், அதையும் ஒரு பிரிண்ட் போட்டு வையுங்கள். உங்கள் கடையிலேயே போடுவார்களே.

அன்புடன்.