பதனிட்ட ஆட்டுத்தோலில் முதுகில் மாட்டும் அம்பறாத்தூணி செய்யலாமா? கடலோரக் காற்றுக்கு அது தாங்குமா?

செய்யலாம். நான் இருப்பது கீழக்கரைப் பக்கம், வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். இதுவரை மூன்று தூணிகள் தைத்திருக்கிறேன். முதலாவதை ஒரே ஒரு கார்த்திகை மழைக்காலம் கெடுத்துவிட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பூஞ்சை, இரும்பு ஆணி அடித்த இடமெல்லாம் மை கொட்டியதுபோலக் கருப்பு. தோலைப் பதனிடப் போட்ட மரப்பட்டையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. உப்புக்காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால் வளையம், பக்கிள் எல்லாம் பித்தளையிலேயே வாங்குங்கள்.

தோல் மரப்பட்டை போட்டுப் பதனிட்டதா, குரோம் என்கிற ரசாயன உப்பு போட்டதா என்று கடையிலேயே கேளுங்கள். நம் ஊர்த் தரிசில் மஞ்சளாகப் பூக்கிறதே ஆவாரை, அதன் பட்டையில் பதனிட்ட தோலுக்குத் தென்னிந்தியா ஒரு காலத்தில் பேர்போனது. கேட்டும் தெரியவில்லையென்றால் வெட்டிய விளிம்பைப் பாருங்கள். பட்டைத்தோல் உள்வரைக்கும் பழுப்பாக இருக்கும். சாயம் போட்ட குரோம் தோலில்கூட நடுவில் பெரும்பாலும் நீலச்சாம்பல் தெரியும். எனக்குப் பட்டைத்தோல்தான் பிடிக்கும். நனைத்து வளைத்துக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே நிற்கும்.

வீட்டில் பழைய மான்தோல் கிடந்தால் அதில் கை வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது.

முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். என் அம்பு 30 அங்குலம், தூணியின் உயரம் 21 அங்குலம். இறகு முழுவதும் வெளியே நிற்க வேண்டும், இல்லையென்றால் உரசிக் கசங்கிவிடும். வாய்ப் பக்கம் 16 அங்குலம், அடிப்பக்கம் 11 அங்குலம், தையலுக்கு இரண்டு ஓரமும் அரை அங்குலம் கூடுதல். சுருட்டினால் மேலே விரிந்து கீழே ஒடுங்கிய குழல் கிடைக்கும். ஆட்டுத்தோல் மெல்லியது, வாய் தொங்கிப்போகும். உள்ளே பிரம்பு வளையம் ஒன்று வைத்து மடித்துத் தையுங்கள். அடிவட்டத்துக்கு மட்டும் கெட்டியான எருமைத்தோல் இரண்டு மடிப்பு போட்டு, அதன்மேல் கம்பளித் துண்டு ஒன்று வையுங்கள். அம்பு முனை குத்தாது, நடக்கும்போது சலசலப்பும் குறையும்.

தைக்க வலைக்கடை நைலான் நூல் போதும், தேன்மெழுகு தடவிக்கொள்ளுங்கள். முள்கரண்டியை அழுத்தி இடைவெளி குறித்து, குத்தூசியால் துளையிட்டு, ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து எதிரெதிராக இழுங்கள். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிரியாது. எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் ராமநாதபுரத்தில் செருப்புத் தைக்கும் ஒரு பெரியவர். ரொம்ப இறுக்கினால் நைலான் மெல்லிய தோலை அறுத்துவிடும் என்று அவர் பலமுறை எச்சரித்தார், அது உண்மை.

தோள்வாரைத் தோலின் முதுகுப் பகுதியிலிருந்து நீளவாக்கில் வெட்டுங்கள். வயிற்றுப் பகுதி இழுபட்டு நீண்டுகொண்டே போகும். வலக்கைக்காரர் என்றால் வார் வலத்தோளில் ஏறி, மார்பைக் கடந்து, இடக்கைக்குக் கீழே போய்த் தூணியின் அடியில் சேர வேண்டும்.

முடிந்ததும் ஆமணக்கெண்ணெய் கொஞ்சமாகத் துணியில் தொட்டுத் தேயுங்கள், அதிகமானால் தொளதொளவென்று ஆகிவிடும். காயவைப்பது எப்போதும் நிழலில்தான். ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடும் இடத்தில் மாட்டி வைத்து, வாரம் ஒருமுறை உள்ளே கைவிட்டுப் பாருங்கள். கீழே விழுந்த அம்பை எடுக்கும்போது முழங்காலை மடக்கி உட்காருங்கள். இடுப்பை வளைத்துக் குனிந்தால் மிச்ச அம்புகளும் தலைவழியே கொட்டிவிடும்.