புத்தக அலமாரிக்கு எந்தப் பலகை?

கேள்வி: வரவேற்பறையில் 6 அடி அகலம், 7 அடி உயரத்துக்குப் புத்தக அலமாரி செய்யப் போகிறோம். பார்ட்டிகிள் போர்டில் செய்தால் செலவு குறையும் என்கிறார்கள். பின்சுவரில் மழைக்காலத்தில் ஓதம் அடிக்கும். எதை வாங்கலாம்?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: ஓதச் சுவரென்றால் பார்ட்டிகிள் போர்டு வேண்டாம். ஈரம் குடித்து உப்பினால், காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கழற்றிய ஸ்குரூவை அதே ஓட்டையில் மறுபடி முடுக்கினால் சரியாகப் பிடிக்காது. 18 மி.மீ. பிளைவுட், பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரையும் தாங்கும் பசை போட்ட) ரகம் போதும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் சிங்க் அடிக்குத்தான். புத்தகத்துக்கு அது வீண்செலவு.

நல்ல பலகையும் தொய்யும், தாங்கல் தள்ளித் தள்ளி இருந்தால். தட்டின் நீளத்தை 3 அடியிலிருந்து 2 அடியாகக் குறைத்தால் தொய்வு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே நிற்கும் பலகை 4 வைத்து, 23 அங்குல அறைகளாக மூன்று பிரியுங்கள். 8×4 ஷீட்டை நீளவாக்கில் நாலாகக் கிழித்தால் 11¾ அங்குல அகலம் கிடைக்கும். நிற்கும் பலகைகளுக்கு ஒரு ஷீட். ஏழு வரிசைத் தட்டுகள் 21-க்கும் அடிப்பலகைக்கும் இரண்டு. பின்புறத்துக்கு 6 மி.மீ. ஷீட் இரண்டு. அவற்றின் இணைப்பு சரியாக மூன்றாவது நிற்கும் பலகையின் மேல் விழும், ஆணி அடிக்கத் தோது.

தட்டு வெட்டும்போது மட்டும் ஆசாரி பக்கத்தில் நில்லுங்கள். மேல் ரேகை தட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். துண்டு மிச்சம் பிடிக்கக் குறுக்கே வெட்டினால், அதே பலகை சீக்கிரம் வளையும். மைக்காவும் இரண்டு முகத்திலும் ஒட்டணும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய தட்டு முறுக்கிக்கொள்ளும். ஸ்குரூவுக்கு முன்னால் சிறு ஓட்டை போடாவிட்டால் விளிம்பில் அடுக்கு பிளக்கும்.

சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நிறுத்தி, மேலே எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடியுங்கள். அடியில் 4 அங்குலக் கால் இருந்தால் கரையான் மண் ஏறுவது கண்ணில் படும்.

கேள்வி: சாமான் அறைத் தட்டுக்குக் கடப்பா கல் சரியா?
– வாசகர், தென்காசி

பதில்: தாராளமாக. ஈரமோ கரையானோ அதை ஒன்றும் செய்யாது. ஆனால் மரம்போல் தொய்ந்து எச்சரிக்காது, பட்டென்று உடையும். 3 அடிக்கு மேல் நடுவில் தாங்கல் கொடுங்கள். வாங்கும்போது தண்ணீர் தெளித்துக் காயவிடுங்கள். நூல் விரிசல் இருந்தால், மற்ற இடம் காய்ந்த பின்னும் அந்தக் கோடு மட்டும் கறுத்தே நிற்கும். சுண்ணாம்புக் கல் என்பதால் புளி, எலுமிச்சை சிந்தினால் வெளிறிய தடம் விழும். ஊறுகாய் ஜாடிக்கு அடியில் ஒரு தட்டு வைத்துவிடுங்கள்.